ஐந்து பச்சைக் காய்கள், ஏழு வாரம், ஒரு தராசு

நேற்று இரவு முட்டைகோஸ் வைத்த தட்டு காலியாகத் திரும்பி வந்தது. என் பதினொரு வயது மகள் ஒரு துண்டைக்கூட ஓரத்தில் ஒதுக்கவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த கருகிய விளிம்பையும் விரலால் எடுத்துத் தின்றுவிட்டு, "அப்பா, இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை. 200 கிராம்தான் செய்திருந்தேன். ஏழு வாரமாக நான் எழுதிவரும் நோட்டில் முதன்முறையாக ஐந்துக்கு ஐந்து விழுந்தது. சூட்டோடு சூடாக, சரிப்பட்டதையும் சரிப்படாததையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டவை ஐந்து: முட்டைகோஸ், ப்ரோக்கோலி, பாகற்காய், வெண்டைக்காய், பசலைக்கீரை. ஐந்துமே மேஜைக்கு வந்ததும் முகம் சுளிக்க வைப்பவை. இத்தனை நாளும் ஐந்தையும் ஒரே விதமாகத்தான் சமைத்துவந்தேன். நறுக்குவது, தண்ணீர் ஊற்றுவது, மூடி போடுவது, வேறு வேலை பார்ப்பது. ஐந்தும் ஐந்து விதமாகக் கெட்டுப்போயின. கோஸ் நாறியது, ப்ரோக்கோலி பழுப்பாகித் துவண்டது, வெண்டைக்காய் நூல் விட்டது, கீரை பல்லில் சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது, பாகற்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கருவிகள் அதிகமில்லை. ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையல் தராசு. ஒலிக்கும் கடிகாரம். 26 சென்டிமீட்டர் அகலமுள்ள கனமான இரும்பு வாணலி. ஐந்து லிட்டர் பாத்திரம், வடிதட்டு, இரண்டு பருத்தித் துணிகள். இவற்றில் தராசுதான் எல்லாவற்றையும் மாற்றியது. கையால் அள்ளிப் போட்ட உப்பு ஒரு நாள் 2 கிராம், மறுநாள் 6 கிராம் என்று இருந்ததை அதில் வைத்துப் பார்த்தபோதுதான், ஒரே காய் ஒரு நாள் ருசித்து மறுநாள் ருசிக்காமல் போனதற்குக் காரணம் புரிந்தது. மதிப்பெண் போட மகள். பக்கத்தில் நின்று பார்க்க என் அம்மா.

முட்டைகோஸிலிருந்து தொடங்கினேன். முதல் வாரம் பழைய முறையிலேயே செய்து அளந்தேன்: 400 கிராம் கோஸ், 200 மில்லிலிட்டர் தண்ணீர், மூடி போட்டு 20 நிமிடம். வாடை வாசல் வரை வந்தது. மதிப்பெண் ஒன்று. அந்த வாடை எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, இரண்டு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, 3 சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கிய துண்டுகளைப் போட்டு, 3, 5, 7, 10, 15 நிமிடங்களில் இரண்டிரண்டாக எடுத்துத் தின்று பார்த்தேன். மூன்றாம் நிமிடத்தில் கடிக்கும்போது நறுக்கென்றது, ஆனால் பச்சை வாசனை போகவில்லை. ஐந்தில் இனித்தது. ஏழில் பாத்திரத்தின் மேல் குனிந்தால் மட்டும் லேசாகக் கந்தக நெடி. பத்தில் அது துண்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. பதினைந்தில் வீடு முழுவதும் பரவியது. கோஸுக்குள் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வேக வேகச் சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களை வெளிவிடுவதுதான் காரணம். நான் இத்தனை வருடம் அந்த வாயுக்களை மூடி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

ஐந்து நிமிடம் வேகவைத்தது மோசமில்லை, ஆனால் தின்னத் தூண்டவும் இல்லை. மதிப்பெண் மூன்று. அடுத்து, தண்ணீரே இல்லாமல் வாணலியில் வறுக்கலாம் என்று 400 கிராமையும் ஒரே தடவையில் கொட்டினேன். இது தவறு. அடுக்கு உயரமாகிவிட்டதால் கீழே இருந்தவை விட்ட நீரிலேயே மேலே இருந்தவை ஆவியில் வெந்தன. சுர்ரென்ற சத்தம் அரை நிமிடத்தில் அடங்கி, களகளவென்று கொதிக்கும் சத்தமாக மாறியது. அந்தச் சத்த மாற்றத்தை இப்போது காதால் கேட்டே அடையாளம் கண்டுகொள்கிறேன். நீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். காய் சிவக்கத் தொடங்க அதைவிட நாற்பது டிகிரியாவது கூடுதலாக வேண்டும்.

ஆகவே பாதியாகக் குறைத்தேன். 200 கிராம் கோஸ், 15 மில்லிலிட்டர் எண்ணெய். வாணலியைக் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிளறாமல் நிற்பதுதான் கடினமாக இருந்தது. இரண்டரை நிமிடம் கழித்து ஒரு துண்டைத் திருப்பினேன். தட்டையான பக்கத்தில் நரம்பு ஓடும் மேடுகள் மட்டும் தேன் நிறத்தில் சிவந்து, இடையில் இருந்த பள்ளங்கள் இளம்பச்சையாகவே இருந்தன. விளிம்பு நூலளவு கருத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கந்தகம் இல்லை, வறுத்த கடலையின் வாசனை. திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம், பிறகு ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு ஒரு நிமிடம். ஆறு நிமிடத்துக்குள் அடுப்பை அணைத்துவிட்டேன். 2 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். அன்று நான்கு மதிப்பெண். நேற்று ஐந்து வாங்கியதும் இதே முறைதான். மிளகைப் பொடித்து அடுப்பை அணைத்த பிறகு தூவியது மட்டுமே புதிது.

ப்ரோக்கோலியில் வேறு வகைத் தவறுகள். கழுவிய ஈரத்தோடு ஓவனில் வைத்தேன். 220 டிகிரியில் 18 நிமிடம் கழித்தும் பூவின் நுனி கருகியிருந்ததே தவிர, தண்டு வெளிறி ஈரமாகவே இருந்தது. பூவின் மொட்டுகள் தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. துணியில் தலைகீழாகக் கவிழ்த்து அரை மணி நேரம் வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது.

நிறத்தைக் காப்பாற்ற இரண்டு சோதனைகள் செய்தேன், இரண்டும் தோற்றன. முதலாவது, வேகும் தண்ணீரிலேயே எலுமிச்சை பிழிந்தது. புளிப்புச் சேர்ந்தால் பச்சையம் தன்னுள் இருக்கும் மக்னீசியத்தை இழந்து மங்கிவிடும் என்பதை அறியாமல் செய்தேன். பத்து நிமிடத்தில் காய் ராணுவச் சீருடையின் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது, ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா. நிறம் கண்ணைப் பறித்தது. ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்தேன். அழுத்தவே இல்லை, அப்படியே கூழாகி விரலில் ஒட்டிக்கொண்டது. நாக்கில் சோப்புச் சுவை. அதோடு சோடாவைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டேன்.

சரிப்பட்டது இது. பூவை நடுவில் பிளந்து ஒரு தட்டையான முகம் கிடைக்குமாறு நறுக்குவது. தண்டின் நார்த்தோலை 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவி எடுப்பது; உள்ளே இருக்கும் வெளிர்ப் பகுதிதான் காயிலேயே இனிப்பானது, அதை நான் இதுவரை குப்பையில் போட்டுவந்தேன் என்பது வருத்தமாக இருக்கிறது. லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது, மூடி போடாமல், 90 விநாடி. வடித்து, துணியில் பரப்பி, ஆவி முழுவதும் பறக்க ஐந்து நிமிடம். பிறகு வாணலியில் தட்டையான முகம் கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம். எலுமிச்சை தட்டில் வைத்த பிறகுதான்.

இதில் ஒரு நாள், எனக்குத் துளியும் கசக்காத துண்டை மகள் கசக்கிறது என்று துப்பினாள். பிடிவாதம் என்று கோபப்பட்டேன். பிறகுதான் படித்தேன். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கொட்டியபோது தூள் பறந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வாயெல்லாம் கசந்தது, ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறப்பிலேயே வரும் வித்தியாசம் அது. 2003-இல் அதற்கான மரபணுவையும் அடையாளம் கண்டுவிட்டார்கள். அந்த மரபணு நாக்கில் உருவாக்கும் கசப்பு ஏற்பிதான், அதாவது கசப்பை உணரும் புரதம்தான், கோஸ், ப்ரோக்கோலி வகைகளில் உள்ள கசப்பையும் உணர்கிறது. அன்று மாலை அவளிடம், "உனக்குக் கசந்தது உண்மைதான், அம்மு. எனக்குத்தான் தெரியவில்லை" என்றேன். அதன் பிறகு என் நாக்கை நம்பி உப்பு, புளிப்பு போடுவதை விட்டுவிட்டேன். அவள் ருசி பார்த்த பிறகே இறக்குகிறேன்.

பாகற்காய்க்கு மூன்று வாரம் போனது. மொத்தம் ஒன்பது தடவை செய்தேன், அதில் ஐந்து வீண்.

முதல் தடவை வட்டமாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு வதக்கினேன். கசப்பு கொஞ்சம் குறைந்தது, காயோ சொதசொதவென்று ஆகிவிட்டது. இரண்டாம் தடவை 300 கிராம் காய்க்கு 40 கிராம் சர்க்கரை போட்டேன். இனிப்பும் கசப்பும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை; முதலில் இனிப்பு வந்து போனது, பின்னாலேயே கசப்பு வந்து தொண்டையில் நின்றது. மூன்றாம் தடவை தடிமனான துண்டுகள், 8 மில்லிமீட்டர். வெளியே கருகி உள்ளே ஈரம். நான்காம் தடவை உப்புப் பிசறி வைத்தேன், ஆனால் கழுவாமல் பிழிந்து போட்டதில் ஒரே கரிப்பு. ஐந்தாம் தடவை அதைச் சரிசெய்ய மூன்று முறை கழுவி, பிழிந்ததை ஈரத்தோடு எண்ணெயில் போட்டேன். தெறித்த எண்ணெய் மணிக்கட்டில் பட்டு ஒரு கொப்புளம்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நறுக்கின கத்தியையே மாற்றாமல் எதை எதையோ மாற்றிக்கொண்டிருக்கிறாயே. மெல்லியதாக நறுக்குப்பா. உப்பு உள்ளே போகவும் வழி வேண்டும், கசப்பு வெளியே வரவும் வழி வேண்டும்." சரியான பேச்சு. கத்தியைத் தீட்டினேன். 300 கிராம் காயில் விதையும் வெள்ளைச் சோறும் சுரண்டி எடுத்தபின் 240 கிராம் நின்றது. 2 மில்லிமீட்டர் பிறை வடிவத் துண்டுகள். 5 கிராம் உப்பு, அதாவது எடையில் சுமார் இரண்டு சதவீதம். பிசறி, சரிவாக வைத்த வடிதட்டில் 30 நிமிடம். அரை மணியில் துண்டுகள் விறைப்பு இழந்து, வளைத்தால் ஒடியாமல் மடங்கின. துணியில் கட்டி முறுக்கியபோது வெளிவந்த பச்சைநிற நீரை அளந்தேன், 55 மில்லிலிட்டர். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். அந்தச் சொட்டின் கசப்பு போக வெகு நேரம் ஆனது.

பிறகு ஒரே ஒரு முறை தண்ணீரில் அலசி, மறுபடி பிழிந்து, உலர்ந்த துணியில் பரப்பினேன். 30 மில்லிலிட்டர் எண்ணெய், மிதமான தீ, 14 நிமிடம். முதல் ஆறு நிமிடம் ஒன்றும் நடப்பதாகவே தெரியாது. அங்கேதான் பொறுமை இழந்து தீயைக் கூட்டிவிடுகிறோம். எட்டாம் நிமிடத்தில் ஓரங்கள் சுருண்டு பழுப்பேறத் தொடங்கும். தனியாக 150 கிராம் வெங்காயத்தை 20 நிமிடம் மெல்லிய தீயில் சிவக்க வதக்கி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து, அடுப்பை அணைத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சை, மேலே வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டிய வேர்க்கடலை 25 கிராம். கூடுதல் உப்பு வேண்டியிருக்கவில்லை.

கசப்பு இருந்தது. ஆனால் காபியில் இருப்பது போல இருந்தது: மற்றச் சுவைகளுக்கு நடுவில் ஓர் இடம் பிடித்துக்கொண்டு. கசப்பை முழுவதும் ஒழிக்க வேண்டும் என்று நினைத்ததுதான் என் முதல் ஐந்து தோல்விகளுக்கும் காரணம். பிழிந்து எடுக்கும் நீரோடு கொஞ்சம் போகிறது. மீதியை உப்பு நாக்கிலேயே அடக்குகிறது. உப்பு கசப்பை அடக்கி, இனிப்பு போன்ற மற்றச் சுவைகளை மேலே கொண்டுவரும் என்பதை 1997-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. என் 40 கிராம் சர்க்கரைக்கு அதுதான் பதில்.

இங்கே கற்ற பாடத்தை அப்படியே கோஸுக்கும் கொண்டுபோய் ஒரு தடவை கெடுத்தேன் என்பதையும் எழுத வேண்டும். முதலிலேயே உப்புப் பிசறிய கோஸ், வாணலியில் விழுந்ததும் நீர் விட்டு, சிவக்க மறுத்துவிட்டது. பாகற்காயில் நீரைப் பிழிந்து வெளியே கொட்டுகிறோம், அதனால் உப்பு முன்னால். கோஸிலும் வெண்டைக்காயிலும் நீரை உள்ளேயே வைத்துக்கொண்டு மேல்புறத்தைச் சிவக்கவைக்கிறோம், அதனால் உப்பு கடைசியில். இந்த ஒரு வரியை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வெண்டைக்காய் சுலபமாகவே வழிக்கு வந்தது. முழுக்காயாகக் கழுவி, துடைத்து, இரண்டு மணி நேரம் காற்றாட வைத்து, உலர்ந்த கத்தியால், உலர்ந்த பலகையில் நறுக்கினால் பாதி வேலை முடிந்தது. நூல் விடும் அந்தப் பசை தண்ணீர் பட்டால்தான் பெருகும். 250 கிராமுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய், மூடி கிடையாது, நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கிளறுவதும் கிடையாது, 12 நிமிடம். முதல் நான்கு நிமிடம் நூல் தெரியும், பதற வேண்டாம். இறக்கும்போது உப்பும் எலுமிச்சையும். நான்கு மதிப்பெண், முதல் தடவையிலேயே.

பசலைக்கீரையில் தவறியது உப்புக் கணக்கு. 500 கிராம் இலை பாத்திரம் நிறையக் குவிந்திருந்தது. அந்தக் குவியலைப் பார்த்து 5 கிராம் உப்புப் போட்டேன். வதங்கியதும் கைப்பிடியளவு ஆயிற்று. வாயில் வைக்க முடியவில்லை. இப்போது கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, உருண்டையாகப் பிழிந்த பிறகு தராசில் வைக்கிறேன். 210 கிராம் நிற்கிறது, அதற்கு 2 கிராம் உப்பு. பல்லைக் கூசவைப்பது ஆக்சாலிக் அமிலம். அதில் ஒரு பகுதி வேகவைத்த தண்ணீரோடு போய்விடுகிறது, அதனால் அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை. பூண்டு சிவந்த எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டி, வறுத்த எள் தூவினால் போதும். கீரைக்கு நேரம் தேவையே இல்லை.

செலவுக் கணக்கு. ஏழு வாரத்தில் யாரும் தின்னாமல் கொட்டியது இரண்டே கால் கிலோ, அதில் பாதிக்குமேல் பாகற்காய். எண்ணெய் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஆனது. அடுப்பு எரியும் நேரம் எதிர்பாராமல் குறைந்தது: கோஸுக்கு 20 நிமிடமாக இருந்தது ஆறு, ப்ரோக்கோலிக்கு 15 ஆக இருந்தது தண்ணீர் கொதித்தபின் நாலுக்குள். கூடியது கை வேலை. துடைப்பது, காயவைப்பது, பிழிவது என்று ஒரு காய்க்குக் குறைந்தது கால் மணி. நாலு பேருக்கு என்றால் கோஸை மூன்று தவணையாக வறுக்க வேண்டும், முதல் தவணை ஆறிப்போகிறது. இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. இரண்டாவது இரும்பு வாணலி வாங்கி இரண்டு அடுப்பிலும் ஒரே சமயத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

அடுத்த தடவை மாற்ற நினைப்பவை வேறு சில உண்டு. வெங்காயத்தை முதல் நாளே சிவக்க வதக்கி வைத்துவிட வேண்டும்; பாகற்காய் நாளில் இரண்டு வேலையும் ஒன்றாக வரும்போது ஏதாவது ஒன்று கருகுகிறது. ப்ரோக்கோலியை மீதம் வைக்கவே கூடாது. மறுநாள் சுடவைத்தபோது, பல வாரம் போராடித் துரத்திய அந்தக் கந்தக வாடை அப்படியே திரும்பி வந்தது. கோஸின் நடுத்தண்டை இதுவரை எறிந்துவிட்டேன். ப்ரோக்கோலித் தண்டு இனித்ததைப் பார்த்தபின், அதையும் சீவிப் பார்க்க ஆசை.

பாகற்காய்க்கு மகள் இதுவரை கொடுத்த அதிகபட்ச மதிப்பெண் இரண்டரை. அம்மா நான்கு கொடுத்தார், நானும் நான்கு. நோட்டில் மூன்றையும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறேன், சராசரி போடவில்லை. பத்தாவது தடவைக்கான 240 கிராம் இப்போது வடிதட்டில் உப்போடு இருக்கிறது. இந்த முறை ஒன்றரை மில்லிமீட்டர். கடிகாரத்தில் இன்னும் பதினொரு நிமிடம் மீதி.